சரக்கு ஏறாத ரயிலில் ஏறும் சாம்பிள் பெட்டி

பட்டாசைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவு. விமானத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஈரோட்டுத் துணி வியாபாரி துண்டு மாதிரிகளைக் கட்டி எடுத்துப் போகலாம். விருதுநகர் வத்தல் வியாபாரி ஒரு கைப்பிடியைப் பொட்டலம் கட்டிக் காட்டலாம். திருத்தங்கல், சிவகாசி பட்டாசு வியாபாரி மட்டும் தன் சரக்கைக் கையில் எடுக்காமலே ஆயிரம் மைல் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். இணையத்தில் விற்கவும் வழியில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. இந்தூரிலோ நாக்பூரிலோ இருக்கும் மொத்த வியாபாரியின் கடையில் உட்கார்ந்து, இந்த ஆண்டுப் புது பேன்சி ரகம் வானத்தில் எப்படி விரிகிறது என்று காட்ட அவர் கையில் இருப்பது ஒரு லேப்டாப் திரைதான்.

ஆனால் அந்தத் திரையை வாங்கும் விதத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கடையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. என்ன பிராசஸர்? எவ்வளவு தள்ளுபடி? பை இலவசமா? ஆர்டர் பிடிக்கப் போகிறவருக்கு இந்த மூன்றுமே பெரிய விஷயமில்லை. டேலியில் பில் போடவும், எக்ஸெலில் விலைப்பட்டியல் திறக்கவும், வீடியோ ஓட்டவும் இன்று கடையில் இருக்கும் எந்த நடுத்தர பிராசஸரும் போதும். திரை, பேட்டரி, பழுதானால் வந்து பார்க்கும் ஆள், தொலைந்தால் தகவல் போகாத பூட்டு – இந்த நான்கில்தான் காசு போக வேண்டும். நடப்பது நேர்மாறு. பிராசஸருக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, திரையில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

திரையில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதைக் காலண்டர் தொழிலைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டு காலண்டர்களுக்கான ஆல்பத்தை வெளியிடுகின்றன. அன்று முதல் ஏஜென்ட்கள் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். தங்க ஃபாயில், எம்பாஸ் வேலையெல்லாம் கையால் தடவிப் பார்த்து வாங்க வேண்டிய சமாசாரம். எந்தத் திரையும் அதைக் காட்டாது. அதனால் கனமான ஆல்பம் கூடவே போகத்தான் செய்யும். ஆனால் ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி தன் கடைப் பெயரை எந்த எழுத்தில், எந்த நிறத்தில் போட வேண்டும் என்று கேட்கும்போது திறக்கப்படுவது லேப்டாப். விலை குறைந்த லேப்டாப்களின் விவரத்தாளில் ‘45% என்டிஎஸ்சி’ என்று ஒரு வரி இருக்கும். திரைகளுக்கான வழக்கமான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபியில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறங்களைத்தான் அந்தத் திரை காட்டும் என்பது இதற்குப் பொருள். லட்சுமியின் அரக்குச் சேலை செங்கல் நிறத்தில் தெரியும். மயில் கழுத்து நீலம் சாயம் போனது போல இருக்கும். பார்ட்டி முகம் சுளிப்பார். ஏஜென்ட் “அச்சில் நல்லா வரும்ணே” என்பார். பேரம் அங்கேயே ஒரு படி இறங்கிவிடும்.

விவரத்தாளில் ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் இதற்கு மருந்து. அதோடு ஐபிஎஸ் பேனல், பளபளப்பில்லாத மேல்பரப்பு, குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சம். 400 கிடைத்தால் இன்னும் நல்லது. பார்ட்டியின் கடை பெரும்பாலும் தெருவைப் பார்த்த கடை. மத்தியான வெயில் உள்ளே விழும் இடத்தில் 250 நிட்ஸ் திரை வெறும் கண்ணாடிதான். ஓஎல்இடி திரையில் இருட்டு உண்மையிலேயே இருட்டாகத் தெரிவதால் இரவு வானத்தில் பூ விரியும் வீடியோவுக்கு அதுபோல வேறில்லை. பட்டாசுக்காரர்களுக்கு அதன் மேல் ஆசை வருவது நியாயம். ஆனால் அதன் கண்ணாடி மேற்பரப்பு பகலில் பார்ப்பவர் முகத்தையே திருப்பிக் காட்டும். வெள்ளைப் பின்னணியில் கணக்குப் பார்க்கும்போது பேட்டரியையும் கூடுதலாகத் தின்னும். பகலில் கடை ஏறி இறங்குகிறவருக்கு நல்ல ஐபிஎஸ் திரையே ஏற்றது.

நல்ல திரையையும் கெடுக்கும் சின்ன விஷயங்கள் இரண்டு உண்டு. மாலையானதும் தானாக மஞ்சளடிக்கும் ‘நைட் லைட்’ அமைப்பை டிசைன் காட்டுவதற்கு முன் அணைக்க வேண்டும். அடுத்தது தமிழ் எழுத்து. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைத்த கோரல்டிரா கோப்பை அப்படியே லேப்டாப்பில் திறந்தால், அந்த எழுத்துரு அதில் இல்லாதபோது ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’ என்ற பெயர் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறி நிற்கும். கிளம்புவதற்கு முன் எழுத்துகளை ‘கர்வ்ஸ்’ ஆக மாற்றி பிடிஎஃப் எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பட்டாசு வீடியோக்களையும் லேப்டாப்பிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பார்ட்டியின் கடையில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு நிற்பது வியாபாரத்துக்கு அழகில்லை. 512 ஜிபி எஸ்எஸ்டி இதற்குத் தாராளம்.

அடுத்தது பேட்டரி. சிவகாசியிலிருந்து சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுகிறவருக்கு அது ஒரு ராத்திரிப் பயணம். பெட்டியில் சார்ஜிங் பாயின்ட் இருக்கிறதே என்ற நம்பிக்கை பாதிதான் பலிக்கும். தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அதில் மின்சாரத்தை நிறுத்திவைப்பது ரயில்வேயின் ஏற்பாடு. பகலிலும் தேய்ந்துபோன சாக்கெட்டில் கனத்த சார்ஜர் நிற்காமல் கழன்று விழும். எனவே பேட்டரி ‘10 மணி நேரம்’ நிற்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல், அது எத்தனை வாட்-ஹவர் என்று கேட்க வேண்டும். சாதாரண அலுவலக வேலைக்கு லேப்டாப் 8 வாட் வரை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 41 வாட்-ஹவர் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும். திரை வெளிச்சத்தைக் கூட்டினால் அதுவும் குறையும். 55க்கு மேல் இருந்தால் ஒரு முழு நாள் கடை சுற்றலைத் தாங்கும்.

யுஎஸ்பி-சி வழியாக 65 வாட்டில் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால், உள்ளங்கையில் அடங்கும் ஒரே சார்ஜர் போனுக்கும் ஆகும். அதே வசதியுள்ள பவர் பேங்க்கும் உதவும். விமானத்தில் 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-ஹவர்தான். அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. ஊரில் இருக்கும் நாட்களில் நாள் முழுக்க சார்ஜரில் செருகியே வைப்பவர்கள், 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி அமைத்துவிட வேண்டும். நிறுவனங்களின் சொந்தச் செயலியிலேயே இதற்கு வசதி உண்டு. லித்தியம் பேட்டரிக்கு வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்தால் ஆகாது. சித்திரை வெயிலில் விருதுநகர் பஸ் நிலையம் பக்கம் காரைப் பூட்டி, உள்ளே லேப்டாப்பை விட்டுச் சாப்பிடப் போகிறவர் பேட்டரி ஆயுளையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

கணக்குப் பக்கம் வேறு சிக்கல்கள். வெளி மாநிலம் போகும் லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ். முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில்தான் லோடு கிளம்பும். அதனால் பலர் டேலியை அப்படியே லேப்டாப்பில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். இது வேண்டாத வேலை. கம்பெனிக் கணக்கு அலுவலகக் கணினியிலேயே இருக்கட்டும். வெளியிலிருந்து ரிமோட்டில் உள்ளே போய்ப் பார்க்கட்டும். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பில் அப்படிப் போக, அலுவலகக் கணினியில் ஹோம் பதிப்பு உதவாது, புரோ வேண்டும். லேப்டாப்பை மாற்றும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஒரே கணினிக்கான டேலி லைசென்ஸைப் பழைய கணினியில் ‘சரண்டர்’ செய்த பிறகே புதியதில் ஏற்ற வேண்டும். அவசரத்தில் பழையதை ஃபார்மட் அடித்துவிட்டு டீலரைத் தேடி ஓடுகிறவர்கள் நிறைய.

ஆப்பிள் மேக்புக் அழகுதான், பேட்டரியும் நிற்கும், திரையும் அருமை. ஆனால் டேலி விண்டோஸில்தான் ஓடும். டெண்டர் போடவும் கம்பெனித் தாக்கலுக்கும் செருக வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பெரும்பாலும் பழைய அகல யுஎஸ்பி. வெறும் யுஎஸ்பி-சி மட்டும் உள்ள மெல்லிய லேப்டாப்பை வாங்கியவர் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு அடாப்டர் தேடி அலைவார். ஒரு பழைய யுஎஸ்பி, ஒரு எச்டிஎம்ஐ ஆகிய இரண்டும் உடம்பிலேயே இருக்கும் 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள், 16 ஜிபி ராம் – பயணத்துக்கு இதுதான் அளவு. மெமரி விலை 2025 இறுதியிலிருந்து ஏறியிருப்பதால் கடைக்காரர் 8 ஜிபியில் முடிக்கப் பார்ப்பார். ராம் கழற்றி மாற்றக்கூடியதா, போர்டிலேயே ஒட்டியதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

பட்டாசுத் தொழிற்சாலைக்குள் லேப்டாப்பை எடுத்துப் போகலாமா? கூடாது. மருந்துக் கலவை அறைப் பக்கம் செல்போனுக்கே இடமில்லை. லேப்டாப்பின் விசிறி உறிஞ்சும் காற்றில் அலுமினியத் தூள் இருந்தால் அது மின்சாரம் கடத்தும் தூள். உள்ளே படிந்தால் லேப்டாப்பும் போகும், ஒரு பொறி பறந்தால் மற்றதும் போகும். அங்கே போய்வந்த பையோடு விமான நிலையம் போனால், வெடிமருந்துத் துகளைத் துணியால் துடைத்துச் சோதிக்கும் கருவி மணியடிக்கவும் கூடும். சிவகாசி முகவரியைச் சொல்லி அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்கையில் விமானம் போய்விடும். பயணப் பை அலுவலகத்தோடு நிற்கட்டும்.

பழைய லேப்டாப் வாங்கும் யோசனையை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் ரகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. கடையில் புதிதாக மின்னும் பிளாஸ்டிக் லேப்டாப்பைவிட இவற்றின் கீல், கீபோர்டு, உடம்பு எல்லாம் உறுதி. ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஐ5-7300யு என்றால் முதல் எண் 7, வேண்டாம். ஐ5-8350யு என்றால் 8; பார்க்கலாம். பயாஸில் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும். விண்டோஸின் பேட்டரி அறிக்கையில், புதிதாக இருந்தபோது எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களும் இருக்கும். இரண்டாவது பாதியாக இருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம்.

புதியது வாங்குகிறவர் வாரன்டி காகிதத்தைப் படிக்க வேண்டும். ‘ஆன்சைட்’ என்றால் ஆள் வந்து பார்ப்பார். ‘கேரி-இன்’ என்றால் வியாபாரி லேப்டாப்பைச் சுமந்துகொண்டு மதுரைக்குப் போக வேண்டும், திரும்ப வாங்கவும் இன்னொரு முறை போக வேண்டும். ஆன்சைட் என்று எழுதியிருந்தாலும் திருத்தங்கல் பின்கோடுக்கு அது உண்டா, அடுத்த வேலை நாளா, ஒரு வாரமா என்று நிறுவனத்திடமே கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது. தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது திரை போனால் ஒரு வாரம் என்பது ஒரு சீசனில் பெரும் பங்கு. மூன்றாண்டு ஆன்சைட்டும் கீழே விழுந்தால் பார்க்கும் பாதுகாப்பும் சேர்த்து ஆகும் கூடுதல் தொகை, தேவையில்லாத பெரிய பிராசஸருக்குக் கொடுக்கும் வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

ரயிலில் தூங்கும்போது பை போனால் லேப்டாப்பின் விலை நஷ்டம்; அதற்குள் இருக்கும் பார்ட்டி பட்டியலும், யாருக்கு எத்தனை சதவீதம் கழிவு என்ற கணக்கும் போட்டியாளர் கைக்குப் போனால் அந்த நஷ்டத்துக்கு விலையே இல்லை. விண்டோஸ் புரோவில் பிட்லாக்கரைப் போட்டுவிட்டால் டிஸ்க்கைக் கழற்றினாலும் படிக்க முடியாது. ஆனால் அதன் மீட்பு எண்ணைக் காகிதத்தில் அச்சடித்து அலுவலக பீரோவில் வைக்காவிட்டால், ஒரு நாள் பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு முதலாளியே வெளியே நிற்க நேரிடும். பேக்கப் இரண்டு இடத்தில் இருக்கட்டும்: ஒன்று கிளவுடில், ஒன்று அலுவலகத்தில் கழற்றி வைத்த டிஸ்க்கில். பயணப் பையில் போட்ட பென் டிரைவ் பேக்கப் ஆகாது, பையோடு அதுவும் போகும்.

பில்லை வீட்டுப் பெயரில் வாங்காமல் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படும் லேப்டாப்புக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். வருமான வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதிதான். சீசன் பணம் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர், அந்த ஆண்டின் ஆர்டர் பயணங்களையும் பழைய மங்கல் திரையோடே முடித்திருப்பார், தேய்மானத்திலும் பாதியை அடுத்து வரும் ஆண்டுகளுக்குத் தள்ளியிருப்பார்.