மாற்று குறைந்த தங்கம்

மெக்சிகோவின் 8 எஸ்குடோ காசை நகைக்கடைக் கருவியில் வைத்தால் 875 என்று காட்டும். 916க்குப் பழகிய நம் கண்ணுக்கு அது மாற்று குறைந்த தங்கம். அடகுக்கடையானாலும் பத்தர் பட்டறையானாலும் அடுத்த பேச்சு உருக்குவதைப் பற்றித்தான். ஆனால் அந்தக் காசுக்கு உரிய மாற்றே 875தான். திறந்த சட்டப் புத்தகத்தின் மேல் ஒரு கை விடுதலைத் தொப்பியைக் கோலில் ஏந்தி நிற்கும் பக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். '21 க்யூ.எஸ்.' என்றிருக்கும், 21 காரட் என்று அக்கசாலையே பொறித்த உறுதி. 916 காட்டினால்தான் சந்தேகம் வர வேண்டும். மாற்று ஒத்துவிட்டாலே அசல் என்றும் ஆகாது, 27.07 கிராம் எடையும் சுமார் 37 மில்லிமீட்டர் அகலமும் சேர்ந்து ஒத்துவர வேண்டும்.

சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப் பட்டாணி பக்கம் இந்தக் காசைத் 'தோட்டத்துப் பாட்டியின் சொத்து' என்று கதை சொல்லி விற்க வந்தால், கதைக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பினாங்கு வழியாக இங்கே புழங்கியது மெக்சிகோவின் வெள்ளி: சீன வணிகர்கள் முத்திரை குத்திக் குத்தி முகம் தேய்ந்த 8 ரியால். 1895இல் பம்பாயில் அச்சாகத் தொடங்கிய பிரிட்டிஷ் டாலர் அதோடு போட்டி போட்டது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களின் சொந்த வெள்ளி வந்தது. மறு ஆண்டே மெக்சிகோ வெள்ளி அங்கே செல்லாக்காசானது. இந்த ஊர்கள் இருக்கும் கெடா பிரிட்டிஷார் கைக்கு மாறியதோ அதற்கும் பிறகு, 1909இல்தான். தோட்டத்துப் பெண்கள் கழுத்தில் ஏறிய தங்கக் காசு சவரன், 22 காரட், எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மெக்சிகோ தங்கம் பெரும்பாலும் பின்னாளில் வியாபாரி கைமாறி வந்ததாகவே இருக்கும்.

அரிய காசு என்று தீர்மானிப்பது ஆண்டை விட அக்கசாலைக் குறிதான். 'ஜி'யும் சிறு 'ஓ'வும் இருந்தால் குவானாஹுவாத்தோ; ஏராளமாக அச்சிட்ட இடம், பதற்றப்படத் தேவையில்லை. 1844 முதல் 1852 வரை மட்டும் இயங்கிய குவாதலூபே இ கால்வோவின் 'ஜி.சி.' கண்ணில் பட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். மெக்சிகோவின் பேரரசர் மாக்சிமிலியான் தலை பொறித்த 20 பெசோ 1866 என்ற ஒரே ஆண்டுக்காசு. அடுத்த ஆண்டு அவரையே சுட்டுவிட்டார்கள். 1945 என்று போட்ட குட்டி 2 பெசோவும் 1947 என்று போட்ட 50 பெசோவும் பெரும்பாலும் பிற்காலத்தில் அதே ஆண்டைப் போட்டுத் திரும்பத் திரும்ப அச்சிட்டவை, மாற்று 900. நல்ல தங்கம், சந்தேகமில்லை. ஆனால் 'நூற்றாண்டுப் பழசு' என்று அவற்றை விற்பது பச்சை மோசடி.

இன்னொன்று, வளையம் பற்றவைத்த காசு. பதக்கமாகக் கிடந்த காசின் வளையத்தைப் பிய்த்து, தடத்தை அராவி, மெருகேற்றிக் கொண்டுவருகிறார்கள். பூதக்கண்ணாடியில் விளிம்பின் உச்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: அங்கே மட்டும் வரிகள் மழுங்கி, நிறம் வெளுத்திருக்கும். சேகரிப்பு விலை பெருமளவு அங்கேயே போய்விட்டது. வளையத்தோடு வந்தால் வளையத்தோடே வாங்குங்கள்; நீங்கள் அதைக் கழற்றாதீர்கள்.

நகைக்கடை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்நியக் காசு எது வந்தாலும் மூசைக்குள் போகுமுன் இரு பக்கமும் விளிம்பும் படம் எடுங்கள். எடை, அகலம், அக்கசாலைக் குறி, ஆண்டு, தரச்சோதகரின் தலைப்பெழுத்து ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எங்களுக்கு அனுப்புங்கள். கொண்டுவந்தவர் பெயர் எங்களுக்கு வேண்டாம்.