44 பேர் எரிந்தார்கள்... குற்றவாளி ஒருவர்கூட இல்லை! கீழ்வெண்மணி வழக்கு சொல்வது என்ன?

'ஜெய் பீம்' படம் பார்த்துட்டு, "அப்பாடா, கடைசியில நீதி கிடைச்சுதே"ன்னு பெருமூச்சு விட்டவங்க நிறைய பேர். ஆனா, காவிரி டெல்டாவை உலுக்கிய வழக்குக்கு அப்படியொரு கிளைமாக்ஸ் இல்லை.

என்ன நடந்தது?

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டம், இன்றைய நாகப்பட்டினத்தின் கீழ்வெண்மணி. நெல் கூலியை அரைப்படி உயர்த்திக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தில் திரண்டிருந்தார்கள் பட்டியலின விவசாயத் தொழிலாளர்கள். தாக்க வந்தவர்களுக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர், உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

கோர்ட் என்ன சொன்னது?

வழக்கு 23 பேர் மீது. அவர்களில் ஒருவர், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு. 1970-ல் செஷன்ஸ் நீதிமன்றம் 8 பேருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. 1990-ல் உச்ச நீதிமன்றத்திலும் அந்த விடுதலை நிலைத்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இன்றும் உறுத்தும் ஒரு காரணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மிராசுதார்கள், பெரும் நிலம் உள்ளவர்கள், ஒருவரிடம் காரும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நேரில் வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது நீதிமன்றம்.

சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். அந்த விதி நம் எல்லோருக்கும் வேணும். ஆனா, சந்தேகம் சாட்சியத்திலிருந்து வரணும். சொத்துப் பத்திரத்திலிருந்து வரக்கூடாது. அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்க.

இன்று மாறியிருக்கா?

சட்டம் மாறியிருக்கு. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015 திருத்தத்தின்படி, குற்றப்பத்திரிகை தாக்கலான 2 மாதத்துக்குள் விசாரணையை முடிந்தவரை முடிக்கணும். ஜாமீன் விசாரணையிலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்கணும். வெண்மணி மக்களுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. சம்பவத்திலிருந்து கடைசித் தீர்ப்பு வரை 22 ஆண்டுகள் ஓடின.

ஆனா, நேரில் பார்த்த கூலித் தொழிலாளியின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை எந்தச் சட்டப் பிரிவும் தீர்மானிக்காது. அதைத் தீர்மானிப்பது எஃப்.ஐ.ஆர். எழுதும் காவலரும், வாதாடும் அரசு வழக்கறிஞரும், மேடையில் அமர்ந்த நீதிபதியும்தான். வெண்மணி தோற்றது அந்த இடத்தில். அடுத்த வன்கொடுமைச் செய்தி வரும்போது, கைது ஆச்சான்னு மட்டும் கேட்டுட்டு நகர்ந்துடாதீங்க. விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கு, தீர்ப்பு என்ன காரணம் சொன்னதுன்னும் கேளுங்க.