பயமுறுத்துறேன்னு சொல்லிட்டு ஏமாத்தலாமா? தீம் பார்க் ரசிகர்களின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கு!

ஒரு லிஃப்ட்டை மூடியதற்காக யாராவது வருத்தப்படுவார்களா? பட்டார்கள். வருத்தத்தோடு நிற்கவில்லை, மூடக் கூடாது என்று ஆன்லைனில் கையெழுத்து வேட்டையும் நடத்தினார்கள்.

அமெரிக்காவின் டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் இருந்த 'டவர் ஆஃப் டெரர்' ரைடு கடைசியாக ஓடியது 2017 ஜனவரி 2 அன்று. இடிந்துபோன பழைய ஹோட்டல், அதில் பேய் பிடித்த ஒரு லிஃப்ட், உள்ளே நீங்கள். அவ்வளவுதான் கான்செப்ட். அந்த இடத்தில் மார்வெல் சூப்பர் ஹீரோக்களைக் கொண்டுவரப் போகிறோம் என்று அறிவித்ததும் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். 'ஒரு ராட்டினத்துக்கா இவ்ளோ சீன்?' என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால், பயமுறுத்தும் ரைடுகளின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இந்தக் கோபம் வெறும் பழைய நினைவுப் பாசம் இல்லை என்பது புரியும். இது சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாததால் வரும் கோபம்.

விளம்பரமே முதல் பாதி

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம்மூரில் சொல்வார்கள். பயமுறுத்தும் ரைடுகளின் மொத்த தொழில்நுட்பமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். உள்ளே இருட்டை உண்டாக்குவது இன்ஜினீயர் வேலை. அதற்கு முன்பே உங்களை அரள வைப்பது மார்க்கெட்டிங் வேலை. டிவி விளம்பரம், போஸ்டர், வாசலில் இருக்கும் எச்சரிக்கைப் பலகை, முகத்தில் சிரிப்பே இல்லாத ஊழியர், க்யூவில் கேட்கும் கரகர ரேடியோ சத்தம் எல்லாமே ரைடின் பாகங்கள்தான். சீட்டில் உட்காரும் முன்பே ரைடு பாதி முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. பேய்ப் படம் ஓவராகப் போனால் கண்ணை மூடிக்கொள்ளலாம். முடியலையா, எழுந்து வெளியே வந்துவிடலாம். ரைடில் அது நடக்காது. தோளுக்கு மேலே கம்பி இறங்கி 'க்ளிக்' என்று பூட்டிவிட்டால், முடியும் வரை நீங்கள் அங்கேதான். அதனால், 'எனக்கு இது வேணுமா, வேணாமா' என்று முடிவு செய்ய உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நேரம், ஏறுவதற்கு முன்பு. அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே தகவல், அவர்கள் சொன்னது. அது தப்பாக இருந்தால்?

எப்படியெல்லாம் தப்பாகப் போகும் என்பதற்கு மூன்று உதாரணங்கள்.

1. இனிப்புக் கடையில் மிளகாய் பஜ்ஜி

ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்கா என்றதும் நினைவுக்கு வருவது சிண்ட்ரெல்லா கோட்டை, மிக்கி, குழந்தைகள். அந்தப் பூங்காவுக்குள்ளேயே 1995இல் 'ஏலியன் என்கவுன்ட்டர்' என்ற ஷோவைத் திறந்தார்கள். 1994 டிசம்பரில் வெள்ளோட்டம் விட்டபோது, டிஸ்னியின் அப்போதைய தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு அது திருப்தியாக இல்லை. மூடி, மாற்றங்கள் செய்து, அடுத்த ஆண்டு ஜூனில் மறுபடி திறந்தார்கள்.

வட்டமான அரங்கு. நடுவில் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய். வேற்றுக்கிரக கம்பெனி ஒன்று, ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பும் தன்னுடைய மெஷினை டெமோ காட்டுகிறது. ஏதோ சொதப்பி, குழாய்க்குள் ஒரு கொடூர ஏலியன் வந்து நிற்கிறது. லைட் போகிறது, கண்ணாடி உடைகிறது. அதன் பிறகு கிட்டத்தட்ட எல்லாமே கும்மிருட்டில்தான். காதோரம் ஒரு மூச்சுச் சத்தம், கழுத்தில் சூடான காற்று, முகத்தில் ஏதோ ஈரமாகத் தெறிக்கிறது. எல்லாமே சீட்டிலும் தோள் கம்பியிலும் பொருத்திய கருவிகளின் வேலை. நீங்கள் பார்ப்பது ரொம்பக் குறைவு. மீதியை உங்கள் மூளையே கற்பனை செய்துகொள்ளும்.

ஹாரர் பிரியர்கள் கொண்டாடினார்கள். ஆனால், குழந்தையோடு போன பெற்றோரிடமிருந்து புகார்கள் குவிந்தன. வாசலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது என்பது உண்மைதான். ஆனால் யார் நம்புவார்? 'டிஸ்னிதானே, மிஞ்சிப்போனா என்ன இருக்கும்?' என்றுதான் எந்த அப்பாவும் நினைப்பார். கோட்டையும் மிக்கியும் உரக்கச் சொன்ன செய்தியின் முன்னால், பலகை சொன்ன செய்தி யார் காதிலும் விழவில்லை. ஒரு சின்னப் பலகையை வைத்துவிட்டு 'நாங்கதான் சொன்னோமே' என்பது பதில் ஆகாது.

2003 அக்டோபரில் அதை மூடினார்கள். 2004 நவம்பரில் அதே அரங்கில் வந்தது 'ஸ்டிட்ச்ஸ் கிரேட் எஸ்கேப்'. 2002இல் ஹிட்டான 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' படத்தின் குறும்புக்கார ஏலியன்தான் ஹீரோ. இனிமேல் இது ஃபேமிலி காமெடி என்றார்கள்.

இங்கேதான் ட்விஸ்ட். கதை மாறியது, ஆனால் அதே சீட், அதே தோள் கம்பி, அதே இருட்டு. பயமுறுத்துவதற்கென்றே செய்த மெஷினை வைத்து ஜோக் சொல்ல முயன்றார்கள். ஹாரர் ரசிகர்களுக்குப் பயம் போய்விட்டது. சின்னக் குழந்தைகளுக்கோ போகவில்லை, இருட்டில் கம்பிக்குள் மாட்டிக்கொண்டால் ஸ்டிட்ச் என்ன, யாராக இருந்தாலும் அழுகைதான் வரும். இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தப் போய், இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கியது அந்த ஷோ. 2018 ஜனவரியோடு அதன் கதையும் முடிந்தது.

2. ஹைப் ஏத்திவிட்டு ஐந்து மீட்டர்

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்கா செய்தது இதற்கு நேரெதிர். 2010 மார்ச்சில் 'தர்ட்டீன்' என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். பெயரிலேயே 13. இடம், 'டார்க் ஃபாரஸ்ட்' என்ற இருண்ட காடு. திறப்பு வரை ஒரு ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்து, 'இதைவிடப் பயங்கரம் வேற இல்ல' என்கிற ரேஞ்சுக்கு விளம்பரம் செய்தார்கள்.

அந்த ரகசியம் நிஜமாகவே நல்ல ரகசியம். காட்டைச் சுற்றிவரும் ரயில், பாழடைந்த கல்லறை போன்ற கட்டடத்துக்குள் நுழைந்து நின்றுவிடும். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. திடீரென்று தண்டவாளத்தோடு சேர்ந்து ரயில் செங்குத்தாகக் கீழே விழும். பிறகு பின்பக்கமாகவே இருட்டில் பாய்ந்து வெளியேறும். ஒரு ரோலர் கோஸ்டரில் இப்படி ஒரு வீழ்ச்சி வந்தது உலகிலேயே அதுதான் முதல்முறை.

ஆனால், அந்த வீழ்ச்சி சுமார் 5 மீட்டர்தான். 1.2 மீட்டர் உயரம் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறலாம். உண்மையில் இது குடும்பமாகப் போய் ரசிப்பதற்காக வடிவமைத்த ரைடு. சின்ன ராட்டினத்தில் இருந்து பெரிய கோஸ்டருக்குப் போகும் வழியில் ஒரு படி. அந்த வேலையை அது அழகாகச் செய்கிறது. ஆனால், போஸ்டரைப் பார்த்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள், இறங்கும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'இவ்ளோதானா?'

ரைடின் தப்பு எதுவுமே இல்லை. பத்துக்கு ஏழு மார்க் வாங்கக்கூடிய ஒரு பையனை, 'ஸ்டேட் ஃபர்ஸ்ட் வரப் போறான்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தால் என்ன ஆகும்? அவன் வாங்கிய ஏழும் தோல்வி மாதிரியே தெரியும்.

3. கல்யாண வீடு மாதிரி ஒரு மூடுவிழா

மறுபடி அந்த லிஃப்ட்டுக்கு வருவோம். 'டவர் ஆஃப் டெரர்' முதலில் ஃப்ளோரிடாவில் 1994இல் வந்தது. கலிஃபோர்னியாவுக்கு 2004இல் வந்தது. 'ட்வைலைட் ஸோன்' என்ற பழைய டிவி தொடரை வைத்துக் கதை அமைத்திருந்தார்கள். 1939 அக்டோபர் 31 இரவு, ஹோட்டல் மேல் மின்னல் விழுகிறது. லிஃப்ட்டில் இருந்த ஐந்து பேர் காணாமல் போகிறார்கள். இப்போது அதே மாதிரி லிஃப்ட்டில் நீங்கள். இதில் லிஃப்ட் சும்மா விழுவதில்லை. மோட்டார் அதைக் கீழ்நோக்கி இழுக்கும், தானாக விழும் வேகத்தைவிட அதிக வேகத்தில்.

2016 ஜூலையில் மாற்றத்தை அறிவித்தார்கள். அதே செப்டம்பரில் 'லேட் செக்-அவுட்' என்ற பெயரில், மாலை நேரங்களில் கூடுதல் இருட்டோடு வழியனுப்பு ஸ்பெஷல் ஓட்டினார்கள். கவனிங்க, ரசிகர்களின் சோகத்தையே டிஸ்னி ஒரு ஈவென்ட் ஆக்கிவிட்டது. புத்திசாலித்தனமான மார்க்கெட்டிங்தான். ஆனால், 'இவ்வளவு பேர் கடைசியாக ஒருமுறை ஏற ஆசைப்படுகிற ரைடை எதுக்குய்யா மூடுறீங்க?' என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

2017 மே 27 அன்று 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி: மிஷன் பிரேக்அவுட்' திறந்தது. அதே கட்டடம், அதே லிஃப்ட். இப்போது பேய்க்குப் பதில் பாட்டு. ஆறு பாடல்களில் எது ஓடுகிறதோ, அதற்கேற்ப லிஃப்ட் ஏறி இறங்கும். ஸ்டிட்ச் சொதப்பிய இடத்தில் இது தேறிவிட்டது. பழைய ரைடுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலரே, 'சரி, இதுவும் ஜாலியாத்தான் இருக்கு' என்று ஒப்புக்கொண்டார்கள். ஏன்? இது தன்னைப் பயம் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. பார்ட்டி என்று சொன்னது, பார்ட்டி கொடுத்தது.

அப்போ ரசிகர்கள் சொல்வதெல்லாம் சரியா?

இல்லை. அதற்கு டிஸ்னிலேண்டின் 'ஹான்டட் மேன்ஷன்' நல்ல சாட்சி. 1969 ஆகஸ்ட்டில் அது திறந்த கொஞ்ச நாளிலேயே 'ஹாட்பாக்ஸ் கோஸ்ட்' என்ற பேய் பொம்மையை எடுத்துவிட்டார்கள். கழுத்திலிருந்து தலை மறைந்து, கையில் இருக்கும் தொப்பிப் பெட்டிக்குள் தெரிய வேண்டும் என்பது ஐடியா. அது சரியாக எடுபடவில்லை. ஆனால், மிகச் சிலரே நேரில் பார்த்த அந்தப் பேயை ரசிகர்கள் விடவே இல்லை. பல ஆண்டுகள் பேசிப் பேசியே அதை ஒரு ஜாம்பவான் ஆக்கினார்கள். 2015இல், புதிய தொழில்நுட்பத்தோடு, அது திரும்பி வந்தது. இங்கே ரசிகர்கள் செய்தது பூங்காவுக்கே லாபம்.

அதே மாளிகையின் மாடியறையில் ஒரு மணப்பெண் பேய் உண்டு. 2006இல் அவளைக் கையில் கோடரியோடு கணவர்களைத் தீர்த்துக்கட்டிய பெண்ணாக மாற்றினார்கள். 'பழைய மர்மம் போச்சே' என்று ஒரு கூட்டம் புலம்பியது. 2025 ஜனவரியில் கோடரியை எடுத்துவிட்டு, மெழுகுவத்தி ஏந்திய சோகமான மணப்பெண்ணை வைத்தார்கள். இப்போது, கோடரிக்காரியைப் பார்த்தே வளர்ந்த இன்னொரு கூட்டம் 'எங்க பொண்ணு எங்கே?' என்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும், தான் முதலில் பார்த்ததுதான் ஒரிஜினல். இந்தச் சண்டையில் தீர்ப்பு சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. இது ரசனை.

நாம் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். 'எனக்குப் பிடிச்சதை மாத்திட்டாங்க' என்பது ஏக்கம். அதற்காக எந்தப் பூங்காவும் காலாகாலத்துக்கும் அப்படியே நிற்க முடியாது. ஆனால், 'நீங்க சொன்னது ஒண்ணு, உள்ளே இருந்தது ஒண்ணு' என்பது புகார். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதில் நமக்கு என்ன?

பயத்துக்காகக் காசு கொடுப்பது விநோதமான வியாபாரம். செல்போன் வாங்கினால் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். பட்ட பயத்தை எந்த கவுன்ட்டரில் திருப்பிக் கொடுப்பது? டிக்கெட்டுக்கும் பயணத்துக்கும் சேர்த்து வைத்த பணம் வீணானால் எரிச்சலோடு போய்விடும். ஆறு வயதுக் குழந்தை ஒன்று இருட்டில் பூட்டிய கம்பிக்குள் கத்தினால், அது எரிச்சலோடு போகாது. அதற்குப் பிறகு லைட்டை அணைத்தாலே அந்தக் குழந்தை அலறும். கூட்டிப்போன அப்பா அம்மாவுக்குக் குற்றவுணர்ச்சி வேறு.

அதனால் பூங்காக்கள் செய்ய வேண்டியது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ரகசியத்தை ரகசியமாகவே வைத்துக்கொள்ளட்டும், தரை எப்போது விழும் என்று சொல்ல வேண்டாம். ஆனால், எவ்வளவு இருட்டு, எவ்வளவு நேரம், நடுவில் வெளியே வர முடியுமா, எந்த வயதுக் குழந்தைக்கு இது ஒத்துவராது, இந்த நாலு கேள்விக்கும் விளம்பரம் இருக்கும் அதே சைஸில் பதில் வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் இல்லை.

நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஏதாவது ஒரு பூங்காவில் 'தைரியம் இருந்தா உள்ளே வா' என்ற போர்டைப் பார்த்தால், கெத்து காட்ட உடனே க்யூவில் நிற்காமல், வெளியே வருகிறவர்களின் முகத்தை ஒரு ஐந்து நிமிஷம் பாருங்கள். குறிப்பாக, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் குட்டிகளின் முகத்தை. எந்த போஸ்டரும் சொல்லாத உண்மையை அது சொல்லிவிடும்.