கொடை உரிமையாகும் நாள்: டிரெஸ்டன் கற்பிக்கும் பாடம்

டிரெஸ்டன் நகரின் தொடக்கப் பள்ளிகளுக்குப் பல் மருத்துவர் வருவதுண்டு. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாயைத் திறந்து காட்டுகின்றனர். சொத்தை உள்ள பிள்ளையின் பெற்றோருக்குக் குறிப்பு அனுப்பப்படுகிறது. பொறியாளரின் மகளுக்கும், துப்புரவுப் பணியாளரின் மகனுக்கும், அண்மையில் ஏதிலியாக வந்து சேர்ந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் ஒரே சோதனைதான். எவரும் பணம் கேட்பதில்லை. எவரும் நன்றி சொல்ல வேண்டியதுமில்லை. அங்குக் குடியேறியுள்ள தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது மிக இயல்பான ஒன்றாகவே தோன்றும். ஆனால் இவ்வியல்பு நிலைக்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கப் பக்கங்களில் ஒரு வணிக நிறுவனத்தின் கொடையும் இருக்கிறது.

கார்ல் ஆகஸ்ட் லிங்னர் 1861 ஆம் ஆண்டு மாக்டபுர்க் நகரில் பிறந்தவர். இளமையில் வறுமையையும் தொழில் தோல்வியையும் கண்டவர். டிரெஸ்டனுக்கு வந்து ஒரு தையல் இயந்திர நிறுவனத்தில் கடிதத் தொடர்பாளராகப் பணியாற்றிய அவர், 1892 இல் சொந்தமாக ஒரு வேதிப்பொருள் ஆலையை நிறுவினார். அங்கு உருவான 'ஓடோல்' என்னும் வாய்கழுவும் நீர்மம், கழுத்து ஒருபுறமாக வளைந்த வெள்ளைப் புட்டியில், பெரும் விளம்பரங்களின் துணையோடு உலகெங்கும் விற்பனையாயிற்று. லிங்னர் பெருஞ்செல்வர் ஆனார்.

அச்செல்வத்தின் ஒரு பகுதி ஏழைப் பிள்ளைகளை நோக்கித் திரும்பியது. 1898 இல் மருத்துவர் ஆர்தர் ஷ்லோஸ்மன் டிரெஸ்டனில் தொடங்கிய நோயுற்ற கைக்குழந்தைகளுக்கான இல்லத்துக்கு லிங்னர் பொருளுதவி செய்தார். 1900 இல் பல் நலத்துக்கான மைய நிலையம் ஒன்றை நிறுவினார். பள்ளிப் பிள்ளைகளின் பற்கள் பெருமளவில் ஆராயப்பட்டன. 1911 இல் டிரெஸ்டனில் அவர் முன்னின்று நடத்திய பன்னாட்டுச் சுகாதாரக் கண்காட்சியை 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். 1916 இல் அவர் மறைந்தபோது, எல்பே ஆற்றங்கரையில் இருந்த தமது மாளிகையையும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென நகருக்கே எழுதி வைத்திருந்தார்.

போற்றத்தக்க வாழ்வுதான். எனினும் இக்கதையின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். வாய்கழுவும் நீர்மம் விற்றவரே வாய் நலம் கற்பிக்கவும் செய்தார். வாய் நலம் பேணும் ஒவ்வொரு குடும்பமும் அவருடைய சந்தை. அறம் எங்கு முடிந்தது, வணிகம் எங்குத் தொடங்கியது என்று பிரித்துக் காண்பது எளிதன்று. மேலும், அம்மைய நிலையத்தின் தலைவராக இருந்த கார்ல் ரோசே, பல் ஆய்வோடு நில்லாமல், மனிதரின் தலை அளவுகளைக் கொண்டு இன வேறுபாடு பேசும் கட்டுரைகளையும் எழுதினார். லிங்னரின் கனவாக உருவான சுகாதார அருங்காட்சியகமோ 1933 க்குப் பின் நாசிகளின் இனவெறிப் பரப்புரைக் கருவியாயிற்று. கொடையாளியின் நல்லெண்ணம் மட்டுமே ஒரு நிறுவனத்தை நேர்வழியில் நிறுத்தி வைக்கப் போதாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று தேவையில்லை.

பிள்ளைகளின் பல் நலம் உறுதியான அடித்தளம் பெற்றது சட்டத்தினால்தான். 1989 இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் நலவாழ்வுச் சீர்திருத்தச் சட்டம், 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் மழலையர் பள்ளிகளிலும் பல்நோய்த் தடுப்புப் பணி செய்வதை மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் கடமை ஆக்கியது. ஒரு செல்வரின் மனம் இரங்கினால் கிடைக்கும் என்ற நிலை மாறி, பிள்ளையாகப் பிறந்தாலே கிடைக்கும் என்ற நிலை பிறந்தது.

தமிழகத்துக்கு இப்பயணம் புதிதன்று. 1920 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் நீதிக்கட்சியின் தியாகராயர் தொடங்கிய உணவுத் திட்டம், 1956 இல் காமராசர் ஆட்சியில் பொதுமக்களின் கொடையையும் துணைக்கொண்டு ஊர்தோறும் பரவியது. 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் மேசையும் நாற்காலியும் நிலமும் கட்டடமும் வழங்கினர். 1982 இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தது. சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2001 இல் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊராரின் கைப்பிடி அரிசி, பிள்ளையின் உரிமையாக வளர்ந்த கதை இது.

இன்றைய டிரெஸ்டன் ஐரோப்பாவின் குறைக்கடத்தித் தொழிலின் தலைநகரங்களுள் ஒன்று. இன்ஃபினியன், பாஷ், குளோபல்ஃபவுண்டரீஸ் ஆகியவற்றின் ஆலைகள் அங்கு உள்ளன. தைவானின் டிஎஸ்எம்சி, ஐரோப்பியக் கூட்டாளிகளுடன் அமைக்கும் ஆலைக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் 1000 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட முதலீட்டில் 500 கோடி யூரோ வரை ஜெர்மானிய அரசின் உதவி. மக்களின் வரிப்பணத்தில் வளரும் தொழில், அதே மக்களின் பிள்ளைகள் பயிலும் எளிய பள்ளிக்கு ஏதேனும் செய்யுமாயின், அதனைக் கொடை என்பதைவிடக் கடன் தீர்த்தல் என்பதே பொருந்தும்.

இந்தியாவில் இக்கருத்து சட்டமாகவே உள்ளது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தமது பொருளுக்கு விளம்பர ஆதாயம் தேடிச் செய்யும் உதவி இக்கணக்கில் சேராது என்றும் விதிகள் கூறுகின்றன. லிங்னரின் காலத்தில் இல்லாத எல்லைக்கோடு இது. தமிழக அரசு 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், நிறுவனங்களும் முன்னாள் மாணவரும் வெளிநாடுவாழ் தமிழரும் அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்கு வழி அமைத்துள்ளது.

ஆகவே பெரிய நிறுவனங்களில் பணிபுரியும் புலம்பெயர் தமிழர், தம் நிறுவனம் ஊர்ப்புறப் பள்ளி ஒன்றுக்கு உதவ முன்வரும்போது சில வினாக்களைத் துணிந்து எழுப்ப வேண்டும். தலைமையாசிரியர் கேட்டது என்ன, நிறுவனம் கொடுப்பது என்ன? கழிப்பறை கட்டிக் கொடுத்தால் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் யார் பொறுப்பு? கணினி வழங்கினால் மூன்றாம் ஆண்டில் அதனைப் பழுது பார்ப்பது யார்? புத்தகப்பையைப் பெற்றுக்கொள்ளும் பிள்ளையை நிற்க வைத்துப் படம் எடுத்து, அதன் வறுமையை உலகுக்குக் காட்டுவது தேவைதானா? நிறுவனம் விலகும் நாளில் அப்பணியை அரசோ உள்ளாட்சியோ ஏற்றுக்கொள்ளுமா? விடை இல்லாத கொடை, திறப்பு விழாக் கல்வெட்டோடு முடிந்துவிடும்.

தனியாக உதவ விழைவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. இந்தியக் குடிமக்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. ஜெர்மானியக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பே. பெறும் அறக்கட்டளை அதற்குரிய பதிவோ முன்அனுமதியோ பெற்றிருத்தல் வேண்டும்.

தாயகத்தின் பள்ளியை நினைப்போர், வாழும் ஊரின் பள்ளியை மறத்தலும் தகாது. டிரெஸ்டனின் கோர்பிட்ஸ், புரோலிஸ் போன்ற அடுக்ககப் பகுதிகளில் வறுமையில் வளரும் பிள்ளைகள் பலர் உள்ளனர். சாக்சனி மாநில அரசமைப்பு, பொதுப் பள்ளிகளில் கல்வியும் பாடப்பொருள்களும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும் என்கிறது. அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2019 ஆகஸ்ட் முதல் பள்ளி மதிய உணவும் முற்றிலும் இலவசம். பின்தங்கிய சூழலில் உள்ள சுமார் 4000 பள்ளிகளுக்குப் பத்தாண்டுகளில் 2000 கோடி யூரோ வழங்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆயினும் படிவமும் மொழியும் அறியாத குடும்பத்துக்கு உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடக் கூடும். அங்கேதான் ஜெர்மன் மொழி கற்றுத் தேர்ந்த தமிழ் இளையோரின் உதவி தேவைப்படுகிறது. ஒரு தாய்க்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், ஒரு பிள்ளையோடு வாரம் ஒரு மணி நேரம் அமர்ந்து வாசிப்பதும் எந்த நிறுவனத்தின் காசோலைக்கும் குறைந்தவை அல்ல.

பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கற்பிக்கும் தமிழ்ப் பெற்றோர், அதனுடன் கேட்கவும் கற்பிக்க வேண்டும். கொடை வாழ்க, ஆனால் அக்கொடை தேவைப்படாத நாளை நோக்கியே அது நடக்க வேண்டும். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு ஓடும் டிரெஸ்டன் சிறுமிக்கு லிங்னர் யாரென்று தெரியாது. தெரிய வேண்டிய தேவை அவளுக்கு இல்லாமற் போனதே அக்கொடையின் உண்மையான வெற்றி.