கொலைகாரனுக்குக் கண்ணீர், லாரித் தொழிலாளிக்கு என்ன?

2019-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு சினிமா வந்தது. பெயர் ‘தி ஐரிஷ்மேன்’. மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்தது. மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. கிழடு தட்டிய கொலைகாரர்கள் சாவை எதிர்நோக்கும் கதை. பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின.

நாமும் பார்த்தோம். சிரித்தோம் என்பதை மறைக்கவில்லை. ஒரு ரௌடி திரையில் தலைகாட்டியதும், அவன் எந்த வருஷம், எப்படிச் செத்தான் என்று கீழே எழுத்தில் போடுகிறார்கள். சிநேகிதனைக் கொல்லப் போகும் காரில், பின் சீட்டை ஈரமாக்கிய மீனைப் பற்றி வழக்கடிக்கிறார்கள். ஊரை நடுங்க வைத்த கும்பல் தலைவன், சிறையில் பல்லுப் போய் ரொட்டியை நனைத்துத் தின்கிறான். கதாநாயகன் ஷீரன் தன் சவப்பெட்டியைத் தானே கடையில் பொறுக்குகிறான். பெற்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் கும்பல் தின்று கொழுத்தது யார் பணம்?

ஷீரன் லாரி டிரைவராக இருந்து, டீம்ஸ்டர்ஸ் என்ற லாரித் தொழிலாளர் யூனியனில் கிளைத் தலைவனானவன். அந்த யூனியனின் முன்னாள் தலைவர் ஜிம்மி ஹோபா 1975 ஜூலை 30-இல் டெட்ராய்ட் அருகே காணாமற் போனார். அவரைச் சுட்டவன் தானே என்று ஷீரன் சாகுமுன் சொன்னான். எந்தக் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. படம் அவன் பேச்சையே கதையாக்கிக்கொண்டது.

1955-இல் அந்த யூனியனின் மத்திய மாநிலங்கள் பென்ஷன் நிதி ஆரம்பமாயிற்று. லாரி ஓட்டியவனின் கூலியில் ஒரு பகுதி, முதுமைக்கென்று ஒதுக்கிய பணம் அது. அதை எடுத்துத்தான் லாஸ் வேகாஸ் சூதாட்ட மாளிகைகளுக்குக் கடன் கொடுத்தார்கள். ரௌடிகள் மட்டுமா கொடுத்தார்கள்? சட்டப்படி அந்த நிதியின் தர்மகர்த்தாக்களில் பாதிப் பேர் முதலாளிகளின் பிரதிநிதிகள்! கையெழுத்துப் போட்ட அந்தக் கனவான்களுக்கு இந்தப் படத்தில் இடமில்லை.

“யூனியன் என்றாலே இப்படித்தான்” என்று முதலாளிகளின் ஆட்கள் சொல்வார்கள். பொய்! சரித்திரத்தைப் பாருங்கள்.

1934-இல் மினியாபோலிஸ் நகரில் இதே யூனியனின் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கியவர்கள் இடதுசாரித் தொழிலாளர்கள். ஜூலை 20-இல் போலீஸ் சுட்டது. 67 பேருக்குக் காயம், இருவர் மாண்டனர். ஆயினும் தொழிலாளிகள் வென்றார்கள். ஊர்விட்டு ஊர் ஓடும் டிரைவர்களைத் திரட்டும் வித்தையை அந்தத் தலைவர்களிடமே ஹோபா கற்றார். 1941-இல் அவர்களை யூனியனிலிருந்து விரட்ட அனுப்பப்பட்டவர்களில் ஒருவரும் அதே ஹோபாதான்! அவ்வருஷமே சர்க்கார் அவர்களில் சிலர் உட்பட 18 பேரைத் தண்டித்தது.

1947-இல் டாப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. “நான் கம்யூனிஸ்டு அல்ல” என்று யூனியன் நிர்வாகிகள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்றது. “நான் கொள்ளைக்காரன் அல்ல” என்று பிரமாணம் கேட்டதா? கேட்கவில்லை! சிவப்புத் தொழிலாளியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தார்கள். நுழைந்தவர்கள்தான் இந்தப் படத்தின் கதாநாயகர்கள்.

பிறகு என்ன நடந்தது? சூதாட்டக் கும்பலின் கையிலிருந்து நிதியை மீட்டதாகச் சொல்லி, பெரிய பாங்கிக் கம்பெனிகளிடம் முதலீட்டை ஒப்படைத்தார்கள். 1980-இல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதால் யூனியன் கம்பெனிகள் பல மூழ்கின. 2008 பங்குச் சந்தை வீழ்ச்சியில் நிதி கரைந்தது. 2015-இல், ஓய்வு பெற்ற டிரைவர்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தது: பென்ஷன் வெட்டு! பலருக்குப் பாதிக்கு மேல்.

முப்பது வருஷம் லாரி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்தவன் அந்தக் கடிதத்தை எப்படிப் படித்திருப்பான்? மூன்றரை மணி நேரப் படத்தில் அவனுக்கு மூன்று நிமிஷம் உண்டா? ஹோபாவின் பேச்சுக்குக் கைதட்டும் கூட்டமாக மட்டும் வந்து போகிறான். கொலைகாரனின் தனிமைக்குத்தான் கண்ணீர்.

ஆனால் அவன் கைகட்டி நிற்கவில்லை. கிழவர்களும் கிழவிகளும் ஊர் ஊராய்க் கூட்டம் போட்டார்கள். தலைநகர் வரை போனார்கள். 2016-இல் அந்த வெட்டு நிராகரிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 3,600 கோடி டாலர் கொடுத்து அமெரிக்க சர்க்கார் நிதியைக் காப்பாற்ற நேர்ந்தது. யூனியனையும் உறுப்பினர்கள் விட்டுவிடவில்லை. 1976 முதல் ஜனநாயகத்துக்காகப் போராடினார்கள். 1991-இல் தலைமையைத் தங்கள் ஓட்டாலேயே தேர்ந்தெடுத்தார்கள். 1997-இல் யு.பி.எஸ். கம்பெனியில் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள்.

இதைப் படமெடுக்க எந்தப் படாதிபதி முன்வருவான்?

ஆலைத் தோழர்களே, வயலில் உழைக்கும் தோழர்களே! சந்தா கொடுத்தால் ரசீது கேளுங்கள். மகாசபை கூடினால் கணக்குக் கேளுங்கள். கேட்பவனை “கலகக்காரன்” என்று எவனாவது சொன்னால், சொன்னவன் பையைப் பாருங்கள். ரௌடி கிழவனாகிச் சாகும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உறுப்பினன் விழித்திருக்கும் சங்கத்தில் அவனுக்கு நாற்காலியே கிடையாது!