வில்லன் வீட்டுக்குள் இருக்கிறார்

'காஞ்சனா'வின் (2011) முதல் பாதியில் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். பின்கதை தொடங்கியதும் தியேட்டர் அமைதியாகிறது. பயமுறுத்திய பேய், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. இந்தத் திருப்பம் நம் பயத்தை இரக்கமாக்குகிறது. ஆனால் வில்லன் மட்டும் பழைய ஆள்தான்: அடியாட்களோடு வரும் எம்.எல்.ஏ. அவரை வெறுப்பது நமக்குச் சுலபம்.

'பரியேறும் பெருமாள்' (2018) பேய்ப்படம் அல்ல. இருந்தும் நான் அதிகம் பயந்தது அதில் வரும் கிழவரைப் பார்த்துத்தான். கல்லூரிக் கலாட்டாக்களுக்கு நடுவே சாதுவாக வந்துபோகிறார், சாதிக்காகக் கொல்கிறார், அதை விபத்தாக, தற்கொலையாக மாற்றுகிறார். பேருந்தில் நம் பக்கத்து இருக்கையில் உட்காரக்கூடியவர்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்த முகம் புதிதல்ல. பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போன எங்கள் ஊருக்குப் பக்கத்தில், 2003 ஜூலையில், சாதி மறுத்து மணந்த கண்ணகியும் முருகேசனும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். 2021-இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் பெண்ணின் அப்பாவும் அண்ணனும் உண்டு. காவல்துறையினர் இருவரும் உண்டு.

அடுத்த பேய்ப்படம் எடுக்கப்போகும் தோழர்களே, பாழடைந்த பங்களா வேண்டாம். மகளுக்கு ஆசையாகச் சோறு ஊட்டிய ஓர் அப்பாவைக் காட்டுங்கள். அதே கை விஷத்தை எடுத்தது எப்படி, ஊர் ஏன் வேடிக்கை பார்த்தது என்று கேளுங்கள். படம் பார்த்தவர் அந்தக் கேள்வியோடு தன் வீட்டுக்குப் போகட்டும்.