லாபம் அவர்களுக்கு, நஞ்சு நமக்கா?

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில், சுமார் 90 மருந்தாலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்தின் நீரை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின்! மருந்துண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்! இதற்குப் பெயர் சுத்திகரித்த நீராம்!

இத்தகைய நீரில் வளரும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகின்றன. நாளை தொழிலாளியின் குழந்தை காய்ச்சலில் கிடந்தால், கொடுக்கும் மருந்து பலிக்காமல் போகலாம்.

வழியே இல்லையா? இருக்கிறது, தோழர்களே! இரும்புத் துகள்களைக் கரியில் பதித்து வினையூக்கி செய்கிறார்கள். கரி மருந்தை ஈர்த்துப் பிடிக்கிறது. இரும்பு, உடன் ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூண்டிவிட்டு அம்மருந்தை உடைக்கிறது. ஆய்வுக்கூடங்களில் பலித்த வழி இது. இரும்பு கரைந்து ஓடாமல் காக்க வேண்டும். உடைந்த துண்டுகளிலும் நஞ்சுண்டா என்று பார்க்க வேண்டும். ஆலைக்குக் கொண்டுவரச் செலவு பிடிக்கும். அதை ஏற்க வேண்டியவர் யார்? மருந்து விற்றுப் பணம் குவிப்பவரே!

தாமாக ஏற்பார்களா? சட்டம் வேண்டும். 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில், கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு வரம்பு இருந்தது. 2021-இல் வந்த இறுதி விதியில் அவ்வரம்பைக் காணோம்!

விஞ்ஞானம் வழி காட்டுகிறது. ஆட்சி வழி விடவில்லை. வரம்பை மீண்டும் எழுதுக! ஆலை வாசலிலேயே அளந்து பார்க்க! நாம் கேட்பது இவ்வளவே.